கரையில் மூட்டிய கரி நெருப்பு

(ஹட்டன் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றில் பாஸ்கா காலத்தில் ஆற்றிய உரை)

அன்பான பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே,

உயிர்ப்பு ஞாயிறு தொடங்கிப் பெந்தக்கோஸ்து வரை, பாஸ்கா காலம் 50 நாள். இதில் யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம் பூசை வாசகமாக எப்போது வருகிறது என்று பாருங்கள். திபேரியக் கடற்கரையில் இயேசு சீடர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் பகுதி, உயிர்ப்பு ஞாயிற்றுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. பேதுருவிடம் மூன்று முறை கேள்வி கேட்கும் பகுதி, பெந்தக்கோஸ்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் நம்ம ஆட்கள் எங்கே இருப்பார்கள்? தேயிலை மலையில், வேலையில். ஞாயிற்றுக்கிழமையில் இது வருவது மூன்று வருஷத்துக்கு ஒரு தரம். 2025இல் வந்தது, இனி 2028இல்தான். அதிலும் பாதியோடு நிறுத்திக்கொள்ள அனுமதி உண்டு. நிறுத்தினால் பேதுருவிடம் கேட்கும் அந்தக் கேள்வி காணாமல் போய்விடும். அதனால்தான் இன்றைக்கு இதை எடுத்தேன்.

கதை உங்களுக்குத் தெரியும். ஏழு பேர் இரவு முழுக்கப் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. விடிகிற நேரம் கரையில் நிற்கிறவர், "பிள்ளைகளே, மீன் ஒன்றும் படவில்லையா?" என்கிறார். வலப்பக்கம் வலையைப் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்.

1 முதல் 17 வரை கூட்டினால் 153 என்று புனித அகுஸ்தினார் கணக்குப் போட்டு விளக்கம் சொன்னார். சரியான கணக்குத்தான். எனக்கு என்னவோ, ஈர வலைக்குப் பக்கத்தில் குந்தி யாரோ ஒவ்வொன்றாக எண்ணியதுதான் கண்ணில் படுகிறது. உயிர்த்த ஆண்டவர் பக்கத்தில் நிற்கும்போதும் எண்ணுகிறார்கள்! தொழிலாளி அப்படித்தான். கொழுந்து நிறுக்கும்போது தராசை விட்டுக் கண்ணெடுக்காத நம்ம அம்மாமாருக்கு, ஈரத்துக்கு என்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, இதை யாரும் விளக்க வேண்டாம்.

கிலோ குறைந்தால் அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான். அதுதான் நமக்குத் தெரிந்த சட்டம். இப்போது 9ஆம் வசனத்தைப் பாருங்கள். அவர்கள் கரையில் கால் வைக்கும்போதே கரி நெருப்பு எரிகிறது, அதன்மேல் மீன் வேகிறது, அப்பமும் இருக்கிறது. வலை இன்னும் தண்ணீரில். ஒருவரும் எண்ணவில்லை, நிறுக்கவில்லை. சாப்பாடு தயார். அதற்குப் பிறகுதான், நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டு வாருங்கள் என்கிறார். அவர்கள் பிடித்ததை நம்பி அவர் அடுப்பு மூட்டவில்லை. அதற்காக அதை வேண்டாம் என்று தள்ளவும் இல்லை.

இந்த நற்செய்தியில் கரி நெருப்பு இன்னொரு இடத்திலும் வருகிறது. 18ஆம் அதிகாரம், இயேசுவைப் பிடித்த இரவு, தலைமைக் குருவின் வீட்டு முற்றம். குளிர் என்று யோவான் எழுதுகிறார். விடியற்குளிரில் விறைத்த கையோடு பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, போகிறவர்களுக்கு அது புரியும். எதிரிகள் மூட்டிய நெருப்பில் பேதுரு குளிர் காய்ந்தார், காய்ந்துகொண்டே "நான் அவருடைய ஆள் இல்லை" என்றார். இப்போது கரையில் அதே கரிப்புகை மூக்கில் ஏறும்போது அவருக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்?

இயேசு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாப்பிட வைக்கிறார். சாப்பிட்டு முடிந்த பிறகு கேள்வி, அதுவும் "ஏன் மறுதலித்தாய்?" என்று இல்லை, "என்மேல் அன்பாய் இருக்கிறாயா?" என்று. சும்மா விட்டுவிட்டார் என்றும் சொல்ல முடியாது. மூன்று தரம் மறுத்தவரிடம் மூன்று தரம் கேட்கிறார், மூன்றாவது தரம் பேதுருவுக்கு மனம் நோகிறது. ஆனால் வயிறு காய்ந்தவனை நிறுத்தி வைத்துக் கேட்கவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்கிற நம்ம பிள்ளைகள் பெரிய வெள்ளிக்கும் சித்திரைக்கும் வருகிறார்கள். கோயில் வாசலிலேயே, "என்னப்பா, இப்பதான் கோயிலுக்கு வழி தெரிஞ்சுதா?" என்று பிடித்துக்கொள்கிறோம். அப்புறம் அவன் ஏன் வெளியிலேயே நிற்கிறான் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம்.

பூசை முடிந்ததும் மண்டபத்தில் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் இருக்கிறது. வெளியே நிற்கிறவர்களை முதலில் கூப்பிடுங்கள். கமிட்டிக்காரர்கள் வருஷக் காசு பாக்கியை அடுத்த ஞாயிறு கேட்டுக்கொள்ளலாம்.