உரிமம் இல்லாத ஓட்டமும் வராத பஸ்ஸும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடந்த சாலைப் பாதுகாப்பு விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கூட்டத் தலைவர் ஐயா அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, போலீஸ் நிலையத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அதிகாரி அவர்களே, பின்வரிசையில் அவர் கண்ணில் படாமல் அமர்ந்திருக்கும் தம்பிகளே, சமையல்கட்டில் இருந்துகொண்டே என் பேச்சைக் கேட்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். ஒலிபெருக்கி போட்ட தம்பிக்கும், மழையில் கூடாரம் கட்டிய பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு வணக்கம். வர இயலாத சட்டமன்ற உறுப்பினரின் வாழ்த்துச் செய்தியைச் செயலாளர் வாசித்துவிட்டார். அது நீண்ட செய்தி. ஆகவே என் உரையைச் சுருக்கிக்கொள்ளும்படி தலைவர் சைகை காட்டுகிறார். முயற்சி செய்கிறேன்.

உரிமம் இல்லாமலும், உரிமம் முடக்கப்பட்ட பிறகும் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று பேசச் சொன்னார்கள். சட்டம், காப்புறுதி, பெற்றோர் பொறுப்பு, வேலை வாய்ப்பு, நாம் செய்ய வேண்டியது என்று ஐந்து தலைப்பு எழுதி வந்திருக்கிறேன். நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். விபத்து நடந்த பிறகுதான் பெட்டியைத் திறந்து லைசென்ஸைத் தேடுவோம்.

முதலில் சட்டம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டாதே என்கிறது. வழக்கு நீதிமன்றம் போனால் அபராதம் 300 ரிங்கிட்டுக்குக் குறையாது, 2,000 வரை போகலாம். அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கார் லைசென்ஸைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 30 ரிங்கிட். பத்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினாலும் 300. அதாவது பத்து ஆண்டுக் கட்டணமும் ஒரு நாள் பிடிபட்டால் கட்டும் குறைந்தபட்ச அபராதமும் ஒன்று. இந்தக் கணக்கைத் தேநீர்க் கடையில் சொன்னேன். ஒருவர் உடனே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். எதற்காகப் போனார் என்று நான் கேட்கவில்லை.

அதே பிரிவு, உரிமம் இல்லாதவனை ஓட்ட அனுமதிப்பவரையும், வேலைக்கு வைப்பவரையும் சேர்த்தே பிடிக்கிறது. "பையன்தான் எடுத்துக்கொண்டு போனான்" என்ற அப்பாக்களின் பதில் அங்கே எடுபடாது. சாவியைக் கொடுத்தது யார் என்றுதான் கேட்பார்கள். பதினாறு வயது ஆகாதவன் எந்த வண்டியையும் ஓட்டக்கூடாது. பதினேழு ஆகும்வரை மோட்டார் சைக்கிள் மட்டும்தான். "தோட்டத்து ரோடுதானே, செம்பனை மரங்களுக்கு நடுவில் யார் பார்க்கப் போகிறார்கள்" என்கிறீர்கள். பொதுமக்கள் போய்வரும் பாதையானால் அதுவும் சட்டத்தின் கண்ணில் சாலைதான். கோயிலுக்கும் பள்ளிக்கும் எல்லாரும் வந்து போகிற நம் மண் பாதையை வேறு என்ன என்று சொல்வீர்கள்?

இனி, லைசென்ஸ் இருந்தும் இல்லாதவர்கள். காலாவதியானவர் ஒரு வகை. குற்றப் புள்ளி சேர்ந்து உரிமம் முடக்கப்பட்டவர் இன்னொரு வகை. 2017 ஏப்ரல் முதல் கெஜாரா புள்ளி முறை இப்போதைய வடிவில் நடக்கிறது. நீதிமன்றமே ஓட்டக்கூடாது என்று தகுதி நீக்கம் செய்தவர் மூன்றாம் வகை. அவர் மறுபடி ஓட்டினால் அது தனிக் குற்றம், மற்ற இரண்டையும்விடக் கனமானது. இந்த வேறுபாட்டை விளக்க எனக்குச் சட்டப் புத்தகம் வேண்டாம், நமக்கு வேண்டிய வேன் அண்ணனின் கதை போதும். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அவர் மச்சான் மேடைக்கு வந்துவிடுவார்.

வேன் அண்ணன் நல்ல மனிதர். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் வேனோடு வந்து நிற்பார். சிவப்பு விளக்கில் மட்டும் நிற்கமாட்டார். புள்ளி ஏறியது. ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, கடிதம் அனுப்பியது. எங்கே அனுப்பியது? அவர் லைசென்ஸ் எடுத்த காலத்தில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு விலாசத்துக்கு, அதாவது லயத்துக்கு. அந்த லயத்தை இடித்து, செம்பனை நட்டு, அதில் குலையும் வெட்டியாகிவிட்டது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து தோட்ட மேற்பார்வையாளரான மண்டோர் கைக்குப் போய், அவர் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. வேன் அண்ணன் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு முகூர்த்த நாள். மாப்பிள்ளை பட்டு வேட்டியில், கழுத்தில் மாலையோடு. வேன் நிறையப் பெண்கள், மடியில் சீர்வரிசைத் தட்டுகள். கோலகங்சார் சாலையில் போலீஸ் தடுப்பு. அதிகாரி மைகார்டு என்கிற அடையாள அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தார். "உங்கள் லைசென்ஸ் முடக்கப்பட்டிருக்கிறது" என்றார். வேன் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார்! அதிகாரி அதை முழுவதும் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சம்மன் புத்தகத்தை எடுத்தார். "இந்த வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் யார்?" பெரியப்பா வானத்தைப் பார்த்தார். சித்தப்பா வெற்றிலையைப் பார்த்தார். மாமா, "எனக்கு இருந்தது" என்றார். மாப்பிள்ளைத் தோழன் இறங்கிப் புதருக்குப் பின்னால் போய்விட்டான். கடைசியில் மாலைக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்தது. அந்த வேனில் செல்லுபடியாகும் உரிமம் வைத்திருந்த ஒரே ஆள் மாப்பிள்ளை!

மாலையைக் கழற்றி அத்தை மடியில் வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், தன் கல்யாணத்துக்குத் தானே வேனை ஓட்டிக்கொண்டு போனார். அதிகாரி "செலாமாட் பெங்கந்தின் பாரு" என்று மலாயில் திருமண வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். மண்டபத்து வாசலில் பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு நின்று, பின் இருக்கையில் மாப்பிள்ளையைத் தேடினார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியவரைப் பார்த்து மாமியார், "டிரைவர் தம்பி, வண்டியை ஓரமாகப் போடு" என்றாராம்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அன்று அந்த வேன் வேறொருவர் மீது மோதியிருந்தால்? 90-ஆவது பிரிவின்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். ஆனால் உரிமம் இல்லாதவர் ஓட்டினால், சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் தர நிறுவனம் மறுக்கலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை உங்களிடமே திருப்பிக் கேட்கவும் வழி இருக்கிறது. அபாயகரமாக ஓட்டி உயிர் போனால், 2020 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, 20,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஏன் சொன்னேன் என்பது இப்போது விளங்கும். 2023 பிப்ரவரி முதல் லைசென்ஸைக் கைபேசியிலேயே காட்டலாம். மைஜேபிஜே செயலியைத் திறந்து தேதியைப் பாருங்கள். விலாசத்தையும் மாற்றுங்கள். லயம் போய்விட்டது ஐயா, இனி அது திரும்பி வராது.

ஆனால் எனக்கு உண்மையான ஆத்திரம் உரிமம் இல்லாமல் ஓட்டும் பிள்ளைகள் மீது இல்லை. உள்தோட்டத்தில் இருக்கும் மூன்றாம் படிவ மாணவன் மாலை வகுப்புக்கு எப்படி வருவான்? தொழிற்சாலையில் காலை ஷிப்டுக்கு நம் பெண் எப்படிப் போவாள்? முன்பு தோட்ட லாரியாவது வந்தது. இப்போது அதுவும் இல்லை. பஸ் முதன்மைச் சாலையோடு நின்றுவிடுகிறது. அந்தச் சாலைக்கு வருவதற்கே மோட்டார் சைக்கிள் வேண்டும். பஸ் விடாத நாட்டில் பதினைந்து வயதுப் பையனிடம் சட்டம் பேசுகிறோம். போக்குவரத்து அமைச்சின் மைலெசன் பி2 திட்டம் வசதி குறைந்தவர்களுக்கு மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்க உதவுகிறது. நல்ல திட்டம், விண்ணப்பியுங்கள். ஆனால் பதினைந்து வயதுக்காரனுக்கு அதில் இடமில்லை. அவனுக்கு வேண்டியது பஸ்.

இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்து, தோட்டத்தையே வாங்கிக் காட்டினார். தோட்டத்தை வாங்கிய சமூகத்துக்கு ஒரு பஸ் கேட்கக் கூச்சமா? பிள்ளைகள் விழுந்த பிறகு இரங்கல் கூட்டம் போடுவதும் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். அதற்கும் இதே மண்டபத்தைத்தான் வாடகைக்கு எடுப்போம்.

தலைவர் மறுபடியும் மணி காட்டுகிறார். பெற்றோர் பொறுப்பு பாதி சொல்லிவிட்டேன், வேலை வாய்ப்பு அடுத்த கூட்டத்துக்கு. லாரி உரிமம் எடுக்க விரும்பும் தம்பிகள் என்னைத் தனியாகப் பாருங்கள்.

பஸ் கோரிக்கை மனு மேடைக்கு வலப்புறம், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர், மைகார்டு எண், கையெழுத்து மூன்றும் வேண்டும். காலை 5.30-க்கு ஒன்று, பள்ளி விடும் நேரத்தில் ஒன்று, இரவு 7.30-க்கு ஒன்று என்று எழுதியிருக்கிறோம். ஷிப்டு நேரம் வேறாக இருக்கும் தாய்மார்கள் தேநீர் குடிக்கும் முன்பே செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். மனுவை நாளைக் காலை தட்டச்சுக்குக் கொடுக்கிறோம். நன்றி, வணக்கம்.