தேர்வு எழுதாதவருக்கும் குரல் உண்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க மக்களுக்குப் பெரிதும் துணை நின்றது, தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காகப் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிப் பண்பாடா, தேர்வே இல்லாமல் யாரும் அருகிலிருப்பவரோடு பேசக்கூடிய சிட்டிசன்ஸ் பேண்ட் என்னும் சிபி வானொலிப் பண்பாடா? நான் சிபியின் பக்கம்.

எதிரணித் தலைவர் அமெச்சூர்காரர்களின் அறிவைப் புகழ்ந்தார். 1961-லேயே ஆஸ்கர்-1 என்ற செயற்கைக்கோளைத் தாங்களே செய்தவர்கள். அவர்களை நானும் வணங்குகிறேன். ஆனால், 1970-களில் சிற்றலையில் கண்டம் தாண்டிக் குரலில் பேச, நிமிடத்துக்கு 13 சொல் வேகத்தில் மோர்ஸ் என்னும் புள்ளி-கோடு ஒலிக்குறியீடு தெரிந்திருக்க வேண்டும்; அதற்குத் தேர்வும் உண்டு. இரவெல்லாம் லாரி ஓட்டுபவர் எப்போது அதைப் பயில்வார்? தேறினார் என்றே வைத்துக்கொள்வோம். தொழில் பற்றிய பேச்சுக்கு அந்த அலைவரிசையில் விதிப்படி இடமே இல்லையே! பிழைப்பைப் பற்றிப் பேசக் கூடாத இடத்தில் உழைப்பாளிக்கு என்ன வேலை?

1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. டீசலுக்குத் தட்டுப்பாடு. அடுத்த ஆண்டு நாடெங்கும் மணிக்கு 55 மைல் என்று வேக வரம்பு. மைல் கணக்கில் கூலி வாங்கும் ஓட்டுநரின் வயிற்றில் விழுந்த அடி அது. அப்போது கைகொடுத்தது 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 4 வாட் சிபி பெட்டி. லாரிக்காரர்கள் கூடும் 19-ஆம் சேனலில் ஒருவர் மைக்கை அழுத்தி "பிரேக்கர் ஒன் நைன்" என்று பேச இடம் கேட்பார். எந்த பெட்ரோல் பங்கில் டீசல் இருக்கிறது, எந்த மைல்கல் அருகே போலீஸ் நிற்கிறது என்று எதிரே வரும் லாரியிலிருந்து பதில் வரும். முகம் தெரியாது, ஊர் தெரியாது, பட்டப்பெயர் ஒன்றுதான் அறிமுகம். அமெச்சூர் உரையாடலைக் கேளுங்கள்: உரிமத்தோடு வரும் அடையாள எழுத்துகளான அழைப்புக்குறி, "ஃபைவ் நைன்" என்று ஒலித்தரம், ஆன்டெனா விவரம், "செவன்டி த்ரீ" என்று விடைபெறல். அங்கே கருவி நலம் விசாரிக்கப்படுகிறது. இங்கே ஆள் நலம்.

சிபியில் கெட்ட வார்த்தை, அனுமதித்த அளவுக்கு மேல் சக்தியைக் கூட்டும் கள்ளத்தனமான ஆம்ப்ளிஃபையர் என்று குற்றம் சாட்டினார்கள். உண்மைதான், இரண்டும் இருந்தன. அதே சிபியில்தான் 9-ஆம் சேனல் அவசர உதவிக்கென்று ஒதுக்கப்பட்டது; 1962-இல் தொடங்கிய ரியாக்ட் அமைப்பின் தொண்டர்கள் அதில் காதுவைத்துக் காத்திருந்தார்கள். உரிமம் வாங்காமலே பேசினார்கள் என்கிறீர்களா? 1983-இல் அரசே அந்த உரிமத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டது. நெடுஞ்சாலையில் நள்ளிரவில் வண்டி பழுதாகி நிற்பவர், மோர்ஸ் தெரியாத ஒரே காரணத்தால் யாரையும் அழைக்கக் கூடாதா? எதிரணியினர் அதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.