வீராணம் நம் ஏரி

(ஏரிப் பாசன விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, நீர்வளத் துறைப் பொறியாளர் அவர்களே, லால்பேட்டையிலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் வந்திருக்கும் ஜமாத்தார்களே, மகளிர் குழுத் தாய்மார்களே, பொன்னாடை போர்த்திய தம்பிமார்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயம் பேசப் போகிறேன்: ஏரியின் அமைப்பு, அதில் வாழும் உயிர்கள், நம் கடமை.

முதல் பராந்தக சோழர் காலத்து ஏரி இது. அவருடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் வீராணமாகிவிட்டது. தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது; கரை கிழக்கே. கொள்ளிடத்துக் கீழணையில் தேக்கிய தண்ணீர் வடவாற்றில் வருகிறது. மழைக்காலத்தில் மேற்கே அரியலூர் மேட்டுநிலத்திலிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் பாய்கின்றன. முழு மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி என்பது கணக்கு. ஆனால் ஓடை தண்ணீரை மட்டுமா கொண்டுவருகிறது? மண்ணையும் சேர்த்துத்தானே கொட்டுகிறது! மண் ஏற ஏற, மட்டம் 47.50 என்றே காட்டும். அடியில் தண்ணீருக்கு இடம் இருக்காது.

2004 முதல் இந்தத் தண்ணீர் சென்னைக்கும் போகிறது. "பட்டணத்துக்குத்தானே போகிறது, அவர்களே தூர் வாரட்டும்" என்கிறார்கள் நம்மவர்கள். குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனானாம். தாய்மார்கள் இருக்கிற சபை, அதனால் பழமொழியைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். (சிரிப்பு)

எங்கள் ஊரில் ஒரு பெரியவர். பெயர் வேண்டாம், பேரன் முன்வரிசையில் இருக்கிறார். முறைத் தண்ணீர் தகராறில், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியோடு சண்டை. "இனி இந்த ஏரித் தண்ணீர் என் வயலில் ஏறினால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்" என்று டீக்கடையில் சத்தியம் செய்தார். போர்வெல் போட்டார், அந்த வருஷம் மின்சாரம் காலை வாரிவிட்டது. பயிர் கதிர் தள்ளும் நேரம், வயலில் வெடிப்பு. நடுராத்திரி வாய்க்காலில் சலசலவென்று சத்தம். நீர்க்கட்டி டார்ச் அடித்துப் பார்த்தால், பெரியவர் மண்வெட்டியோடு வயலுக்குத் தண்ணீர் விடும் வாமடையைத் திறந்துகொண்டிருக்கிறார்! "என்ன மாமா, சத்தியம்?" என்று கேட்டான். "அது பகலுக்குடா!" என்றாராம். (பலத்த கைதட்டல்)

அவராவது ராத்திரி இறங்கி வந்தார். குளத்தோடு கோபித்துக்கொண்ட நாம் இன்னும் கரையேறியே நிற்கிறோம். கரையெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு என்ற களைச்செடி. விராலும் கெளுத்தியும் பற்றிச் சொல்ல நினைத்தேன், தலைவர் மணி அடிக்கிறார். பறவைகள் அடுத்த கூட்டத்துக்கு.

கோரிக்கையை மட்டும் சொல்லிவிடுகிறேன். வண்டல் மண்ணை விவசாயி இலவசமாக எடுக்க அரசு அனுமதி இருக்கிறது. அதற்காக நாம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்கக் கூடாது. கோடையில் ஏரி இறங்கியதும் கரையோர ஊர்களிலேயே முகாம் போட்டு அனுமதிச் சீட்டு தர வேண்டும். எந்தப் பகுதியில் எவ்வளவு ஆழம் எடுக்கலாம் என்று பொறியாளரே கொடி நட்டுக் காட்டட்டும். லாரிக்காரன் செங்கல் சூளைக்கு அள்ளிப் போகாமல் நாம் பார்த்துக்கொள்கிறோம். மனு இதோ, சட்டமன்ற உறுப்பினர் கையில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போடாதவர்கள் மேடைக்கு இடப்பக்கம் வாருங்கள், பேனா இருக்கிறது.