தேக்கு வைத்தால் தேக்கு மாதிரி தெரியாது

வணக்கம். பின்னால் மிக்ஸி சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், பக்கத்து வீட்டில் சட்னி அரைக்கிறார்கள். அது நிற்கட்டும் என்று காத்திருந்தால் இங்கே வெளிச்சம் போய்விடும்.

மேசை மேல் இருக்கிற பெட்டியைப் பாருங்கள். செட்டிநாட்டு வீட்டின் வளவை, அதாவது நடு முற்றத்தையும் அதன் சுற்றுத் தாழ்வாரத்தையும், மினியேச்சராகச் செய்தது இது. முழு வளவும் இல்லை, சுற்றுத் தாழ்வாரத்தில் ஒரு மூலை மட்டும். முற்றத்தில் ஒரு கீற்று, இரண்டு தூண், ஒரு கதவு, அவ்வளவுதான். இதற்கே ஐந்து மாதம் ஆகிவிட்டது. காலம் 1930கள் என்று வைத்துக்கொண்டேன். பர்மாவில் இருந்து பணமும் மரமும் வந்துகொண்டிருந்த காலம். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபின் அந்தக் கதையே வேறு, அதனால் அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டேன். ஆகவே எவர்சில்வர் குடம் கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலி கிடையாது, சுவரில் டியூப்லைட் கிடையாது.

அளவு, ஒரு அடிக்கு ஒரு இஞ்ச். மினியேச்சர் வீடு செய்கிறவர்கள் உலகம் முழுக்க அதிகம் பிடிக்கிற கணக்கு இதுதான். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆசாரிகளின் நூல் கணக்கு தெரியும் அல்லவா, ஒரு இஞ்சுக்கு எட்டு நூல்? இந்தப் பெட்டிக்குள் ஒரு நூல் என்பது நிஜத்தில் ஒன்றரை இஞ்ச். கதவுப் பலகை ஒன்றரை இஞ்ச் கனமா, ஒரு நூல் போடு. ஒன்பது அடித் தூணா, ஒன்பது இஞ்ச். மனக்கணக்கிலேயே முடிந்துவிடும்.

சரி, இன்று பேச வந்தது தூணைப் பற்றி. முதலில் செய்த தூண் இதோ, கிட்டே காட்டுகிறேன். அசல் பர்மா தேக்கு. இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் ஒரு உடைந்த சட்டம் வாங்கி, கடைசல் பட்டறை அண்ணனிடம் கொடுத்துக் கடைந்தேன். உண்மையான மரம், உண்மையான வயது, எவ்வளவு பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்தேன் தெரியுமா? பெட்டிக்குள் நிறுத்தினேன். தூண் மாதிரியே இல்லை. உலக்கையை வெட்டி நட்ட மாதிரி இருந்தது.

ஏன் என்று இரண்டு நாள் புரியவில்லை. காரணம் ரேகை, அதாவது மரத்தின் வரியும் அதில் இருக்கிற நுண்துளையும். தூணைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டேன், மரத்தின் ரேகை சுருங்கவில்லை. அரை மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால், அந்த அளவுக்குள் நிற்கிற மனிதனுக்கு அது ஆறு மில்லிமீட்டர் ஓட்டை. அப்படி ஓட்டை ஓட்டையாக ஒரு தூணை எந்த வீட்டில் பார்த்திருக்கிறீர்கள்?

இரண்டாவது தூண் வெப்பாலை மரம். கர்நாடகத்துச் சன்னபட்டணாவில் பொம்மை கடைகிறார்களே, அந்த மரம்தான். வெளுப்பாக, வழுவழுவென்று, ரேகை இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். கெட்டியான டீ டிக்காஷன் இரண்டு கை பூசினேன். காய்ந்த பிறகு, துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஒரு வாரம் ஊறப்போட்ட தண்ணீரை இன்னும் நிறைய நீர்விட்டு ஒரு கை. டீயில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்ததும் கண் முன்னாலேயே கறுக்கும். நீர் விடாமல் பூசிவிடாதீர்கள், கரிக்கட்டையாகிவிடும். என்னிடம் ஒன்று இருக்கிறது. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைக்கிறேன். எது தேக்கு என்று யாரைக் கேட்டாலும் வெப்பாலையைத்தான் காட்டுவார்கள்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்ததும் எரிச்சலூட்டுவதும் இதுதான். அசலைக் கொண்டுவந்து வைத்தால் பொய்யாகத் தெரிகிறது.

தரைக்கும் இதே கதை. ஆத்தங்குடிக் கல்லை எப்படிச் செய்கிறார்கள் தெரியும் அல்லவா? கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த பக்கம்தான் அந்த மினுமினுப்போடு மேலே வருகிறது. நானும் அதே மாதிரி வெள்ளைச் சிமெண்டு, கண்ணாடி எல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு இஞ்சுக் கல் இங்கே பதினேழு மில்லிமீட்டர். அதற்குள் பூவும் கட்டமும் ஊற்றினால் நிறம் நிறத்தோடு கலந்து தேங்காய்ச் சட்னியும் தக்காளிச் சட்னியும் ஒரே தட்டில் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. விட்டுவிட்டேன்.

கடைசியில் காகிதம்தான். வடிவத்தை அச்சடித்து, அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு கல்லாக வெட்டி, விளிம்பை உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்து, தனித்தனியாகப் பதித்தேன். வரிசைக்குப் பதினெட்டு, பன்னிரண்டு வரிசை, மொத்தம் 216. ஒரே தாளாக ஒட்டியிருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் தனித்தனியாகப் பதிக்கும்போது ஒன்று ஒரு முடி அளவு சாயும், ஒன்று ஒரு முடி அளவு தூக்கும். வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு கல்லும் வேறு வேறாக மின்னும். பாருங்கள், கேமராவை மெதுவாக நகர்த்துகிறேன். தெரிகிறதா? அச்சடிக்கும்போது நிறத்தையும் கொஞ்சம் வெளிற வைக்க வேண்டும். பெரிய தரையில் பார்த்த அதே சிவப்பைச் சின்னதில் போட்டால் அழுத்தமாகக் கனத்துவிடும்.

நிலைப்படி முன்னால் இருக்கிற கோலம் அரிசி மாவு இல்லை. மாவைப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு துகளும் ரவை மாதிரி நின்றது. இது வெள்ளைப் போஸ்டர் கலர், மூன்று முடி மட்டும் விட்டு வெட்டிய பிரஷ். அண்டாவில் இருப்பதும் தண்ணீர் இல்லை, ரெசின், கண்ணாடி மாதிரி இறுகுகிற பிசின். தண்ணீர்ச் சொட்டு நாம் சொன்ன பேச்சைக் கேட்காது. நாலு மில்லிமீட்டர் சொட்டு இந்த வளவுக்குள் எலுமிச்சம்பழ அளவு. இங்கிலாந்து ராணி மேரிக்காகக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1924இல் முடித்த பொம்மை வீட்டில் குழாயைத் திறந்தால் நிஜத் தண்ணீரே வரும், லிஃப்ட் ஓடும், குட்டிக் குட்டி பாட்டில்களில் நிஜ ஒயினே இருக்கிறது. இப்போதும் விண்ட்சர் கோட்டையில் வைத்திருக்கிறார்கள். திறமையில் குறை சொல்ல நான் யார்? ஆனாலும் அந்தக் குழாயில் இருந்து சொட்டுவது நம் வீட்டுச் சொட்டுதானே.

அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இந்த வயதில் சொப்பு விளையாட்டா?" என்றார். ஆம்ஸ்டர்டாமில் 1686 வாக்கில் பெட்ரோனெல்லா ஓர்ட்மன் என்று ஒரு சீமாட்டி தன் பொம்மை வீட்டுக்குச் செலவழித்த பணத்தில் கால்வாய்க்கரையில் நிஜ வீடே வாங்கியிருக்கலாம் என்று சொன்னேன். "நீயும் அப்படிக் கிளம்பிவிடாதே" என்று மட்டும் சொன்னார். அம்மாவின் கொலுவில் ரயில் நிலையத்தை விடப் பிள்ளையார் பெரியவர், கோயில் கோபுரத்தை விடத் தவில்காரர் பெரியவர். யாருக்கும் அது உறுத்துவதில்லை. கொலுவில் யாரும் அளவு தேடுவதில்லை. இந்தப் பெட்டியில் ஒன்று பிசகினாலும் கண் அங்கேயே போய் நிற்கிறது.

அடுத்து வெளிச்சம். இங்கே நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முற்றத்தின் மேல் ஓரத்தில் எல்இடி பட்டையைச் சுற்றி ஒட்டினேன். சுவிட்ச் போட்டதும் ஒரு தூணுக்கு ஏழெட்டு நிழல். கிரிக்கெட் மைதானம் மாதிரி. சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிற தார்ன் அறைகளின் படங்களைத் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்தேன். 1932 முதல் 1940 வரை திருமதி தார்ன் கைவினைஞர்களை வைத்துச் செய்வித்த 68 அறைகள், இதே ஒரு அடிக்கு ஒரு இஞ்ச். பல அறைகளில் ஒரு கதவோ சன்னலோ திறந்திருக்கும். அந்தப் பக்கம் இன்னொரு அறையோ தோட்டமோ கொஞ்சம் தெரியும், வெளிச்சம் அங்கிருந்து உள்ளே விழும். அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றும்.

பட்டையைப் பிய்த்து எறிந்தேன். இப்போது மேலே ஒரே ஒரு விளக்கு, கொஞ்சம் சாய்த்து. காலை ஒன்பது மணி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக் கதவை ஒரு விரல் அளவு திறந்து விட்டிருக்கிறேன். உள்ளே அறையே கிடையாது, வெறும் அட்டையும் மங்கலான ஒரு மஞ்சள் விளக்கும்தான். கொடியில் கிடக்கிற துண்டு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. எவ்வளவு மெல்லிய துணி போட்டாலும் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கிறது. நைந்துபோன பழைய பட்டுத்துணியில் ஒரு துண்டு கிடைத்திருக்கிறது. அதை நீர்ப்பசையில் நனைத்து, மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்திக் காயவிட்டிருக்கிறேன், நாளைக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒரு சோதனை, எப்போதும் செய்வது. அந்த அளவு மனிதனின் கண் தரையில் இருந்து சுமார் ஐந்து இஞ்ச் உயரத்தில் இருக்கும். போனை அந்த உயரத்தில் பிடித்து ஒரு படம். மேலிருந்து பார்க்கும்போது தெரியாத பிசகெல்லாம் இதில் மாட்டிக்கொள்ளும். எடுக்கிறேன். இருங்கள், பெரிதாக்குகிறேன்.

தூண் நன்றாக இருக்கிறது. தரையும் பரவாயில்லை. கதவு... ஆமாம். இது என்ன, கதவுக்கு முன்னால் தாம்புக் கயிறு கிடக்கிறது? நான் கயிறே வைக்கவில்லையே. ஓ, என் தலைமுடி. இடுக்கியை இங்கேதான் வைத்தேன், ஒரு நிமிடம்.