போகிற பணத்துக்கும் ஒரு குரல் வேண்டும்

(மார்ச் 15, உலக நுகர்வோர் உரிமை நாளையொட்டி நூலகக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, நாற்காலி போடுவதிலிருந்து மின்விசிறி பார்ப்பது வரை எல்லாவற்றையும் தானே முன்னின்று செய்த நூலகர் அம்மா அவர்களே, இரவுப் பணி முடித்து வீட்டுக்குக் கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் சைபர் குற்றப் பிரிவு ஆய்வாளர் அம்மா அவர்களே, நாங்கள் கூப்பிட்ட குரலுக்கு எப்போதும் வருகிற வங்கிக் கிளை மேலாளர் அவர்களே, முன்னாள் படைவீரர் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஐயா அவர்களே, வழக்கறிஞர் அண்ணன் அவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மேடையில் எனக்கு மூத்தவர்கள் இருக்கும்போது மைக்கை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் கைகூப்புகிறேன்.

வீட்டில் கிடக்கிற பொருளை இணையத்தில் விற்கப் போகிறோம். வாங்குகிறேன் என்று ஒருவன் வருகிறான். அவன் உண்மையிலேயே வாங்க வந்தவனா, நம் கணக்கைத் துடைக்க வந்தவனா? அதைக் கண்டுபிடிக்க ஐந்து அடையாளம் சொல்கிறேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பேரம், பின் நம்பர், குறுஞ்செய்தி, கூரியர், சட்டம். இவை ஐந்தும்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், நம் பெரியவர்கள் சொல்லிவைத்த ஒன்று இருக்கிறது. பதறாத காரியம் சிதறாது. இன்று நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பிள்ளைகளே, வீட்டுக்குப் போனதும் பாட்டி தாத்தாவிடம் சொல்லுங்கள்.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை. தையல் தெரிந்தவர். கண் பார்வை மங்கிவிட்டதால் மிஷினை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். மோட்டார் வைத்த மிஷின், நல்ல ஓட்டத்தில் இருந்தது. மகன் படம் எடுத்து, 8,500 ரூபாய் என்று விலை போட்டு, ஒரு விற்பனைத் தளத்தில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அவன் தெருமுனை தாண்டியிருக்க மாட்டான், போன் வந்துவிட்டது.

"மேடம், நான் ஆர்மி. மிஷின் எனக்கு வேணும். ஃபைனல் பண்ணிடலாம்." உடைந்த தமிழ், நடுவில் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம். பெயர் சொன்னான், முகாம் சொன்னான், சீருடையோடு இருக்கிற அடையாள அட்டைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். டியூட்டியில் இருப்பதால் வெளியே வர அனுமதி இல்லை, சாயங்காலம் எங்கள் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும், பணத்தை இப்போதே போட்டுவிடுகிறேன் என்றான். அக்காவுக்கு ராணுவம் என்றால் தனி மரியாதை. நமக்கும் அப்படித்தானே? அவர்கள் பிடித்துத் தொங்குவது அந்த மரியாதையைத்தான். ஒரு சீருடைப் படத்தில் எத்தனை சாக்கு அடங்கிவிடுகிறது பாருங்கள். நேரில் வராததற்குச் சாக்கு, தமிழ் தெரியாததற்குச் சாக்கு, அவசரத்துக்கும் சாக்கு. உண்மையில் எல்லையில் நிற்கிற யாரோ ஒரு பிள்ளையின் அடையாள அட்டையைத் திருடி இதற்குப் பயன்படுத்துகிறார்கள். படைவீரர் சங்கத்து ஐயா இதைக் கேட்டுத் தலையை ஆட்டுகிறார். அவருக்கு எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும்.

திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா கேட்டார்: "என்னடி, எவ்வளவுக்குக் கேக்குறான்?"

"போட்ட விலைக்கே எடுத்துக்கிறானாம்மா."

"பேரம் பேசலையா?"

"இல்லம்மா."

"பெல்ட்டு மாத்தி எத்தனை நாளாச்சுன்னு கேட்டானா? பாபின் கேஸு இருக்கான்னு கேட்டானா?"

"அதெல்லாம் கேக்கலைம்மா."

"அப்போ அவனுக்கு மிஷின் வேணாம்டி. வேற என்னமோ வேணும்."

அந்த அம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஸ்மார்ட் போன் வைத்திருப்பவரும் இல்லை. ஆனால் சந்தை தெரிந்தவர். இத்தனை வருஷமாக நான் கேட்ட எச்சரிக்கைகளில் இதைவிடக் கூர்மையானது ஒன்று இல்லை. (கைதட்டல்)

அக்கா கேட்கவில்லை. "சோதனைக்கு அஞ்சு ரூபா அனுப்புறேன் மேடம்" என்றான். ஐந்து ரூபாய் உண்மையாகவே வந்து விழுந்தது. அத்தோடு சந்தேகம் போய்விட்டது. அடுத்து ஒரு க்யூஆர் கோடு வந்தது. "இதை ஸ்கேன் பண்ணுங்க, 8,500 வந்துடும். ஆர்மி அக்கவுண்ட் மேடம், வாங்குறவங்க பின் போட்டாத்தான் ரிலீஸ் ஆகும். போனை வைக்காதீங்க, லைன்லயே இருங்க." ஒரு கையில் போன், ஸ்பீக்கரில் அவன் குரல், திரையில் ஆங்கிலத்தில் எழுத்துகள், மங்கிய கண். அக்கா பின் நம்பரைப் போட்டார். 8,500 ரூபாய் போனது.

போனதும் அவன் ஓடிவிடவில்லை. இங்கேதான் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். "ஐயோ சாரி மேடம், சர்வர் பிரச்னை. உங்க பணமும் என் பணமும் சேர்த்து 17,000 இப்போ வரும், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று அடுத்ததை அனுப்பினான். முதலில் ஆசை காட்டினான், இப்போது பயம் காட்டினான். போன பணத்தை மீட்க வேண்டும் என்கிற பதற்றத்தில் இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் போட்டவர்கள் உண்டு. பதறாத காரியம் சிதறாது என்று சொன்னேனே, இந்த இடத்துக்காகத்தான் சொன்னேன்.

அக்காவின் கை நடுங்குவதைப் பார்த்து பெரியம்மா எழுந்து வந்து போனை வாங்கினார். "தம்பி, நல்லா இருக்கியா? மிஷினை நேர்ல வந்து ஒரு தடவ ஓட்டிப் பாரு. ஐநூறு ரூபா குறைச்சே தர்றேன். எப்போ வர்ற?" என்றார். அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சே இல்லை. அப்புறம் காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஐநூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் எந்த ஊரிலாவது வாங்க வந்தவன் கோபப்படுவானா? (சிரிப்பு, கைதட்டல்)

அக்கா உடனே 1930-க்குப் பேசினார். தெரியாதவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் 1930. புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாண்டுவதற்கு முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. அக்காவின் பணத்தில் ஒரு பகுதி அப்படி நின்றது. கைக்கு வந்து சேர மாதக் கணக்கில் அலைய வேண்டியிருந்தது. மீதி வரவில்லை.

இப்போது பின் நம்பர். வங்கி மேலாளர் இங்கேயே இருக்கிறார், நான் தவறாகச் சொன்னால் அவர் திருத்தட்டும். யூபிஐ பின் என்பது நான்கு இலக்கமோ ஆறு இலக்கமோ, அது பணம் அனுப்பவும் இருப்புப் பார்க்கவும்தான். பணம் வாங்க எந்தக் காலத்திலும் பின் தேவையில்லை. ஸ்கேன் செய்வதும் கொடுப்பதற்குத்தான். பணம் வருகிறது என்றால் நீங்கள் சும்மா இருந்தாலே வரும். கடையில் காய் வாங்கும்போது யார் ஸ்கேன் செய்கிறார்கள்? நாம். யாருக்குப் பணம் போகிறது? கடைக்காரருக்கு. ஸ்கேன் செய்து பின் போடச் சொல்லி எவன் பணம் தருகிறேன் என்கிறானோ, அவனோடு மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. தனி மனிதர் ஒருவர் இன்னொருவரிடம் "எனக்குப் பணம் அனுப்பு" என்று யூபிஐ வழியாகக் கோரிக்கை அனுப்பும் வசதியை, யூபிஐ-யை நடத்துகிற என்.பி.சி.ஐ. நிறுவனம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அந்த வசதியை வைத்து ஏமாற்றியவர்கள் அவ்வளவு பேர். கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் கதவு அடைபட்டது. ஆனால் க்யூஆர் கதவு திறந்தே இருக்கிறது, ஏனென்றால் அதில் பணத்தை அனுப்புவது நாமேதான்.

குறுஞ்செய்தி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். "உங்கள் கணக்கில் 15,000 வரவு" என்று ஒரு செய்தி வரும். பின்னாலேயே போன் வரும், "1,500-க்குப் பதிலா ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க" என்று அழுவான். செய்தி பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து வந்திருந்தால் அது வங்கி அனுப்பியது இல்லை. பணம் போட்டதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பக் கூடாது, அதை உருவாக்கவே போலிச் செயலிகள் இருக்கின்றன. கணக்கைத் திறந்து இருப்பைப் பாருங்கள். பார்ப்பதற்குள் அவன் அவசரப்படுத்துவான். பதறாத காரியம் சிதறாது.

உதவி செய்கிறேன் என்று ஏதாவது செயலியை இறக்கச் சொன்னால் இறக்காதீர்கள். எனிடெஸ்க் போன்ற, திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலிகளை வைத்து நடக்கும் மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

கூரியர் பற்றியும் சட்டம் பற்றியும் ஆய்வாளர் அம்மாவும் வழக்கறிஞர் அண்ணனும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி பிரிவில் ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு என்பதை மட்டும் சொல்லிவிட்டு, நான் எதற்காக இந்த மேடைக்கு வந்தேனோ அதற்கு வருகிறேன்.

இங்கிருந்து போகும்போது ஏதாவது ஒரு டீக்கடையில் நில்லுங்கள். கவுண்டரில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். யாராவது பத்து ரூபாய் அனுப்பினால் போதும், அந்தப் பெட்டி கடை முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொல்கிறது, பத்து ரூபாய் வந்தது என்று. கடைக்காரர் கை வேலையை விட்டுத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காதில் விழுந்தது, போதும். பணம் வந்தால் தமிழில் குரல் கொடுக்கத் தெரிந்த இந்தத் தொழில்நுட்பத்துக்கு, என் அக்காவின் கணக்கிலிருந்து 8,500 ரூபாய் போகும்போது வாய் திறக்கத் தெரியாதா? "உங்கள் கணக்கிலிருந்து எண்ணாயிரத்து ஐந்நூறு ரூபாய் போகப் போகிறது" என்று பின் நம்பர் போடும் முன் அந்தப் போன் உரக்கச் சொல்லியிருந்தால், அவன் ஸ்பீக்கரில் எவ்வளவு பேசியிருந்தாலும் அக்காவின் விரல் நின்றிருக்கும். திண்ணையில் இருந்த பெரியம்மாவுக்கும் கேட்டிருக்கும்!

செயலிகளில் தமிழைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய்த் தேட வேண்டிய இடத்தில் இருக்கிறது. கண் தெரியாதவருக்கும் எழுத்துக் கூட்டி வாசிப்பவருக்கும் எழுத்து மட்டும் போதாது, குரல் வேண்டும். குரல் வழியாகவே பணம் அனுப்பும் 'ஹலோ யூபிஐ' வசதியை 2023 செப்டம்பரில் கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசியது. அனுப்புவதற்குக் குரல் கொடுக்க முடிந்தவர்களால் எச்சரிப்பதற்கும் கொடுக்க முடியும்.

நான் இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்? வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் யார் பொறுப்பு என்று 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை தந்தது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறு இல்லாதபோது, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. அருமையான பாதுகாப்பு. ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம் என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஆன இழப்பு அவர் தலையில்தான். என் அக்கா தன் விரலால் தானே பின் போட்டார். அதனால் அது அவர் சம்மதித்துக் கொடுத்த பணம் என்று கணக்கில் எழுதப்பட்டது. மேலாளரைக் குறை சொல்லவில்லை, அவர் விதிப்படிதான் நடக்க முடியும்.

சம்மதம் என்றால், எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? படிக்கத் தெரியாதவர் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால், அதைப் படித்துக்காட்டக் கேட்டு ஒப்புக்கொண்டதாகப் பத்திரத்திலேயே எழுதுகிற வழக்கம் நமக்கு உண்டு. பின் நம்பரும் கைநாட்டுத்தான். அதை மட்டும் ஏன் யாரும் படித்துக்காட்டுவதில்லை?

1962-இல் இதே மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி நுகர்வோர் உரிமைகளை வரிசைப்படுத்தினார். அதில் ஒன்று தகவல் பெறும் உரிமை. நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அந்த உரிமை இருக்கிறது. புரியாத மொழியில் பொடி எழுத்தில் காட்டுவதைத் தகவல் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் கோரிக்கை மூன்று வரிதான். புதுப் போனில் பணச் செயலியைத் திறந்ததும் முதல் கேள்வி மொழியாக இருக்க வேண்டும். பின் போடும் திரையில் பணம் போகிறது என்பது பெரிய எழுத்தில் அந்த மொழியில் இருக்க வேண்டும். முதல் முறையாக ஒருவருக்குப் பணம் அனுப்பும்போது அதைப் போன் உரக்கச் சொல்ல வேண்டும், வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும். ரிசர்வ் வங்கிக்கும் என்.பி.சி.ஐ.க்கும் அனுப்ப மனு தயாராக இருக்கிறது. வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் நூலகர் அம்மா வைத்திருக்கிறார். கையெழுத்துப் போடுங்கள். போடுவதற்கு முன் என் தம்பி அதை உங்களுக்கு முழுக்கப் படித்துக்காட்டுவான், நிதானமாகக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மேடையில் வைத்துத் தலைவர் ஐயாவும் படைவீரர் சங்கத்து ஐயாவும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அவர்களுக்கு என் நன்றி. அடுத்து ஆய்வாளர் அம்மா பேசுகிறார். 1930-க்குப் பேசும்போது என்னென்ன விவரம் கையில் இருக்க வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். பரிவர்த்தனை எண்ணை எங்கே பார்ப்பது என்று உங்கள் போனிலேயே காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.