சறுக்கு மரத்தில் ஏறும் முன் இந்தக் குழந்தை ஏன் காதுக் கருவியைக் கழற்றுகிறது?

[காட்சி: மஞ்சள் பிளாஸ்டிக் சறுக்கு மரம். தலைமுடி குத்திட்டு நிற்க ஒரு சிறுமி வழுக்கிக்கொண்டு வருகிறாள்.]

இந்த முடியைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது இல்லையா? ஆனால் இதே சறுக்கு மரத்தில் ஏறும் முன் சில குழந்தைகள் காதில் இருப்பதைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். ஏன்? சொல்கிறேன், ஓடிப்போய்விடாதீர்கள்.

வணக்கம் நண்பர்களே. மாற்றுத்திறன் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும்படி ஒரு பூங்காவை எப்படி அமைப்பது என்பதுதான் இன்றைக்கு. சட்டக் கதையை ஒரே மூச்சில் முடித்துவிடலாம்: விளையாட்டு குழந்தையின் உரிமை என்றது 1989-இல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, அதில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்றது 2006-இல் வந்த இன்னோர் உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு. அவ்வளவுதான். சறுக்கு மரத்துக்கு வாருங்கள்.

பிளாஸ்டிக்கில் துணி உரசினால் நிலைமின்சாரம் சேரும். சறுக்கு மரத்தில் அது ஆயிரக்கணக்கான வோல்ட் வரைகூடப் போகும். பயப்படாதீர்கள், பாய்கிற மின்னேற்றம் கொஞ்சூண்டுதான், கீழே வந்து யாரையாவது தொட்டால் சுளீர் என்று ஒரு கடி, அதோடு சரி. ஆனால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது காது கேட்காதவர்களுக்கு உள்காதில் அறுவை செய்து பொருத்தும் கருவி, வைத்த குழந்தையின் காதுக்குப் பின்னால் சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்பும் ஒரு சின்ன பிராசஸர் இருக்கும். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று அந்த ஒரு குழந்தைக்காகவே சரிபார்த்துச் சரிபார்த்து ஏற்றிய அமைப்பு அதற்குள் இருக்கிறது. அந்தச் சுளீர் அதைக் குழப்பிவிடலாம். புதிய கருவிகளில் பாதுகாப்பு கூடியிருக்கிறது, இருந்தாலும் கழற்றிவிட்டுச் சறுக்குவதே நல்லது என்றுதான் சொல்கிறார்கள். கழற்றினால்? மேலே நிற்கிறது குழந்தை, கீழே கூட்டாளிகள் வாயெல்லாம் பல்லாக 'வா, வா' என்று கத்துகிறார்கள், இதற்கு மட்டும் ஒரு சத்தமும் கேட்காது.

[காட்சி: உருளைகள் வரிசையாகப் பதித்த சறுக்கு.]

எவர்சில்வர் சறுக்கோ உலோக உருளைச் சறுக்கோ வைத்தால் மின்னேற்றம் தேங்காது. ஆனால் வெயிலில் வைத்தால் தொடை வெந்துவிடும், நிழல் பார்த்து வைக்க வேண்டும். அந்த உருளைச் சறுக்கு கடகடவென்று முதுகைத் தட்டிக்கொண்டே இறக்கும், எனக்கே ஏறிப் பார்க்க ஆசை.

சரி, இதே சறுக்கு மரத்தில் இன்னொரு வேடிக்கை. வீல்சேரில் வரும் பையன் சாய்தளம் வழியாக மேலே போகிறான், நாற்காலியிலிருந்து மெதுவாக நகர்ந்து சறுக்கில் உட்கார்கிறான், சர்ரென்று இறங்கிவிட்டான். இப்போது பையன் கீழே, வீல்சேர் மேலே! வரைபடத்தில் 'அனைவருக்குமான சறுக்கு' என்று எழுதியவர் இதை யோசித்தாரா? குறைந்தபட்சம் கீழே ஓரமாக ஒதுங்கி உட்கார வீல்சேர் உயரத்தில் ஒரு திண்ணை, நாற்காலியை மேலிருந்து கொண்டுவரச் சுற்றிவளைக்காத ஒரு பாதை, இந்த இரண்டும் வேண்டும்.

அந்தச் சாய்தளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பொதுவாக 1-க்கு 12, அதாவது 1 மீட்டர் உயரம் ஏற 12 மீட்டர் நீளம், இளைப்பாறும் தளங்கள் தனி. பூங்காவில் பாதி இடத்தை அதுவே விழுங்கிவிடும். அதனால் கெட்டிக்காரர்கள் ஒரு மண்மேடு எழுப்பி, அதன் சரிவிலேயே சறுக்கைப் பதித்துவிடுகிறார்கள். மேடு ஏறும் பாதை எல்லாருக்கும் ஒன்றுதான், 'உனக்கு அந்தப் பக்கம்' என்கிற பேச்சே இல்லை.

தரை? மணலில் வீல்சேரின் முன்சக்கரம் புதைந்துவிடும். விழுந்தால் அடிபடாத அளவுக்கு மெத்தென்றும், சக்கரம் உருளும் அளவுக்குக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். இதற்காக அமெரிக்காவில் ஒரு சோதனையே வைத்திருக்கிறார்கள்: 1-க்கு 14 சரிவில் வீல்சேரைத் தள்ளி ஏறுவதைவிட அந்தத் தரையில் தள்ளுவது கடினமாக இருக்கக் கூடாது. பல இடங்களில் ரப்பர் தளம் போடுவது இதனால்தான்.

எனக்கு எரிச்சல் தருவது ஊஞ்சல் விஷயம். வீல்சேரோடு ஏறும் ஊஞ்சல் கனமானது, குறுக்கே ஓடும் குழந்தைமேல் மோதிவிடும் என்று சுற்றி வேலி போடுகிறார்கள், ஆஸ்திரேலியாவில் பல பூங்காக்களில் அதற்குப் பூட்டும் சாவியும் உண்டு. காரணம் நியாயம்தான், ஆனால் கூண்டுக்குள் தனியாக ஆடுவதில் என்ன சந்தோஷம்? முதுகு சாய்ந்து உட்காரும் இருக்கையும் வாரும் வைத்த ஊஞ்சலை மற்ற ஊஞ்சல்களோடு அதே வரிசையில் தொங்கவிட்டால், நாற்காலியை விட்டு இறங்க முடிகிற குழந்தைக்காவது பக்கத்தில் ஆடுபவனோடு போட்டி போட முடியும். சத்தம் தாங்காத குழந்தைக்கு ஓர் அமைதியான மூலையும், திடீரென்று ஓடிவிடும் குழந்தைக்காகச் சுற்றுவேலியும் வேண்டும், அது தனி வீடியோவாகவே வரும்.

கடைசியாக ஒரு வேலை. பைக் நுழையக்கூடாது என்று பூங்கா வாசலில் கம்பியை வளைத்து வைத்திருப்பார்களே, அதற்கு நடுவே வீல்சேர் நுழையுமா என்று அளந்து கமெண்டில் போடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அப்புறம் பேசலாம்.