‘ஒட்டுது’ என்ற சொல் எங்கே போனது?

(மதுரையில் சிறுதொழில் நடத்துகிறவர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். அழைப்பிதழில் ‘நிர்வாகத்தில் முடிவெடுக்கும் திறன்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நான் மில் வேலையிலேயே தலை நரைத்தவன். திறமையாக எடுத்த முடிவுகளை மட்டும் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் மேடையை விட்டு இறங்கிவிடலாம். அதனால் கெட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன்.

1990களின் கடைசி. திருமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலை, பேர் வேண்டாம். பஞ்சு வாங்குவது என் பொறுப்பு. சந்தை விலையைவிடக் குறைத்து 100 கண்டி வந்தது. கண்டி என்றால் ஏறக்குறைய 356 கிலோ. மாதிரியைப் பிரித்துப் பார்த்தேன். நிறம் சரி, இழை நீளம் சரி, தூசி தும்பும் அதிகமில்லை. வாங்கிப் போட்டேன். முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அந்தப் பஞ்சு ஓட ஆரம்பித்த மூன்றாம் நாள், நூல் முறுக்கும் மெஷினான ரிங் ஃப்ரேமில் இழை அறுந்து அறுந்து ரோலரில் சுற்றியது. அங்கே நின்று மெஷினைக் கவனிக்கும் தொழிலாளியான சைடர் பெண் மேஸ்திரியிடம் சொன்னது: “அண்ணே, பஞ்சு பிசுபிசுன்னு ரோலர்ல ஒட்டுது.” மேஸ்திரி சூப்பர்வைசரிடம் சொன்னது: “ரோலர்ல சுத்துது சார்.” சூப்பர்வைசர் ஷிஃப்ட் நோட்டில் எழுதியது: “ரோலர் சுற்று சற்று அதிகம்.” என் மேஜைக்கு வந்த தாளில் இருந்தது: “உற்பத்தி குறைவு. காரணம், வறட்சி.”

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அது சித்திரை வெயில். காற்று காய்ந்துபோனால் இழையில் மின்னேற்றம் உண்டாகி ரோலரில் சுற்றும் என்பது மில்லில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். அதற்கு மருந்து ஈரப்பதத்தைக் கூட்டுவது. கூட்டச் சொன்னேன். மறுநாள் இன்னும் மோசமானது. இன்னும் கூட்டச் சொன்னேன்.

நடந்தது வேறு. செடியில் இருக்கும்போதே வெள்ளை ஈ தாக்கிய பஞ்சு அது. அந்த ஈ கழிக்கும் சர்க்கரைத் திரவம் இழையில் படிந்து காய்ந்துவிடும். லேசாக இருந்தால் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. ஈரம் பட்டால் இளகிப் பிசினாகிவிடும். நான் கொடுத்த மருந்துதான் நோயை வளர்த்தது! ‘ஒட்டுது’ என்ற ஒரு சொல் மட்டும் என்னிடம் வந்து சேர்ந்திருந்தால் ஈரத்தைக் குறைத்து, நல்ல பஞ்சோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஓட்டித் தீர்த்திருப்பேன். அந்தச் சொல் முதல் படியிலேயே உதிர்ந்துவிட்டது.

மூன்று வாரம் இப்படிப் போனது. முழுப் பழியையும் மேஸ்திரி மேல் போட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அந்தப் பஞ்சு நான் வாங்கியது. குற்றம் பஞ்சில் இருக்கக்கூடாது என்று உள்ளுக்குள் ஆசை. வறட்சி என்று தாளில் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது, அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. அமெரிக்காவில் பாரி ஸ்டா என்பவர் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வணிகம் படிக்கும் மாணவர்களை ஒரு கம்பெனியின் பணத்தைப் பங்கிடச் சொல்கிறார். பங்கிட்ட பிரிவு நஷ்டத்தில் விழுந்ததும் மறுபடி பணம் தருகிறார். முதல் முடிவைத் தானே எடுத்தவன்தான் அந்த நஷ்டப் பிரிவிலேயே கூடுதலாகக் கொட்டுகிறான். வேறு யாரோ எடுத்த முடிவு என்றால் அவ்வளவு கொட்டுவதில்லை. இதைப் பிற்பாடு படித்தபோது யாரோ என் டைரியைப் புரட்டிவிட்டார்களோ என்று தோன்றியது.

எனக்குப் போனது பணம். இதே வகைத் தப்பில் ஏழு உயிர் போன கதையும் உண்டு. 1986 ஜனவரி 28, சேலஞ்சர் விண்கலம். முந்தின நாள் சாயங்காலமே, கலத்தை மேலே தள்ளும் ராக்கெட் பூஸ்டரைச் செய்த தயோகால் கம்பெனியின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் வேண்டாம் என்கிறார்கள். பூஸ்டரின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவாதீர்கள் என்பது அவர்கள் கொடுத்த எழுத்து. நாசா தரப்பு முகம் சுளித்தது. கம்பெனி ஆட்கள் போனைச் சற்று நேரம் நிறுத்தித் தங்களுக்குள் பேசினார்கள். அங்கே மூத்த அதிகாரி ஒருவர், பொறியியல் துறைத் தலைவரைப் பார்த்து, “எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள்” என்றார். பிறகு அதிகாரிகள் நாலு பேர் மட்டும் முடிவு செய்தார்கள். மறுநாள் கலம் கிளம்பி 73ஆவது விநாடியில் சிதறியது.

தொப்பி விஷயத்தைப் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஏவலாம் என்று கடைசிக் கையெழுத்துப் போட்ட நாசாவின் மேலதிகாரிகளுக்கு, முதல் நாள் இப்படி ஒரு எதிர்ப்பு எழுந்ததே தெரியாது. விசாரணைக் குழு சொன்னது இது. அங்கேயும் செய்தி நடுப்படியில் நின்றுபோனது.

நம் ஊரில் இதற்கு நேர் எதிராக நடந்ததும் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை. வெங்கடசாமி டாக்டர் அரசு வேலையில் ஓய்வுபெற்று, 58 வயதில், 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. கிராமங்களில் முகாம் போட்டார்கள், ஆபரேஷன் இலவசம். அப்படியும் கண்ணில் புரை இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் பலர் வரவில்லை. நானாக இருந்தால் “பயம், அறியாமை” என்று எழுதி ஃபைலைக் கட்டியிருப்பேன். அவர்கள் வராதவர்களைத் தேடிப்போய் விசாரித்தார்கள். பஸ் செலவு யார் கொடுப்பது, போன இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, துணைக்கு வருகிறவரின் கூலி போகுமே என்பவை பதிலாக வந்தன. அதன்பிறகு போக்குவரத்தையும் சாப்பாட்டையும் மருத்துவமனையே ஏற்றுக்கொண்டது. வந்தவரிடம் கருத்துக் கேட்டு நோட்டில் எழுதி வாங்குவது எல்லாக் கடையிலும் நடக்கிறது. வராதவரிடம் போய்க் கேட்கிறவர் எத்தனை பேர்?

சரி, பஞ்சுக்கு வருகிறேன். நாலாவது வாரம் நூல் வாங்குகிறவர் ஒருவரோடு ஃப்ரேம் பக்கம் போனேன். அந்தச் சைடர் பெண் ரோலரில் சுற்றியிருந்ததைக் கத்தியால் கீறி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விரலை விரித்தேன், கூடவே வந்தது. “ஏம்மா, என்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கலாமே?” என்றேன். “நீங்க எப்ப சார் இந்தப் பக்கம் வந்தீக?” என்றார். பக்கத்தில் அந்த நூல் வியாபாரி.

அதற்கப்புறம் இரண்டு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலைக் கூட்டத்தில் வயதிலும் பதவியிலும் சின்னவர் முதலில் பேச வேண்டும், நான் கடைசியில். நான் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் அதற்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வார்கள். இன்னொன்று, ஷிஃப்ட் நோட்டில் தொழிலாளி சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், காரணத்தைத் தனி வரியில் எழுத வேண்டும். இரண்டுக்கும் எதிர்ப்பு வந்தது. நோட்டு அசிங்கமாக இருக்கிறது என்று ஆடிட்டர்கூடச் சொன்னார்.

இதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. காதோடு வந்து சொல்கிறவனை மட்டும் நம்பிவிடக்கூடாது. ஒரே ஆள் பேச்சைக் கேட்டு ஆணையிட்ட பாண்டியன் கதையை மதுரையில் நின்றுகொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் தகவல் சொன்ன பொற்கொல்லன்தான் சிலம்பைத் திருடியவன்.

பேச்சு முடிந்ததும் ஒருவர் கேட்டார்: “எல்லார் பேச்சையும் கேட்டுக்கிட்டே இருந்தா, எப்ப சார் முடிவெடுக்கிறது?” நியாயமான கேள்வி. விளக்குத்தூண் பக்கம் சட்டைத்துணி எடுப்பதும் கல்யாணம் பேசி முடிப்பதும் ஒன்றா என்று திருப்பிக் கேட்டேன். திரும்ப மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயம் என்றால் யாரையும் கேட்காமல் அன்றைக்கே முடித்துவிடுங்கள். கடன் வாங்கி மெஷின் போடுவது, ஆளை வேலையை விட்டு அனுப்புவது, இவற்றுக்கு மட்டும் நாள் குறித்துக்கொண்டு கேளுங்கள். அந்த நாள் வந்ததும் கேட்பதை நிறுத்திவிடுங்கள்.

கடைசி வரிசையில் இருந்து ஒரு தம்பி எழுந்தார். அப்பாவின் பட்டறையில் வேலை பார்க்கிறாராம். “எங்க அப்பாகிட்ட யாரு சார் கெட்ட சேதியச் சொல்றது?” கூட்டமே சிரித்தது. வாயால் சொல்லாதீர்கள் தம்பி, திரும்பி வந்த உருப்படியை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள் என்றேன். காலைச் சாப்பாடு முடிந்த பிறகு.